செஷன் எழுந்துவிட்டது, அப்புறம்? – நிறுவன பிஜிபி பாடங்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கை இணைய ப்ரொவைடருடன் பிஜிபி மூலம் இணைப்பது எப்படி என்று கற்றுத்தரும் பாடங்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். காணொளிகள், பயிற்சி வகுப்புகளின் லேப் கையேடுகள், தி.நகரிலும் வடபழனியிலும் நகல் கடைகளில் கைமாறும் சுருள்கட்டு நோட்டுகள் என்று வடிவம் பலவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். படத்தின் நடுவில் ஒரு ரவுட்டர். மேலே இரண்டு மேகங்கள், ஒன்றில் 'ஐஎஸ்பி ஏ', மற்றதில் 'ஐஎஸ்பி பி'. நெய்பர் முகவரியும் ஏஎஸ் எண்ணும் கொடுத்து, நம் ப்ரீஃபிக்ஸை அறிவித்து, கடைசியில் திரையில் 'எஸ்டாப்ளிஷ்டு' என்று வந்ததும் "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்பார் ஆசிரியர்.

என் புகார் அந்தக் கடைசி வாக்கியத்தின் மேல்தான். செஷன் எழுந்தது என்றால் இரண்டு ரவுட்டர்கள் பேச ஒப்புக்கொண்டன என்று மட்டுமே பொருள். அவை என்ன பேசப்போகின்றன, எதைப் பேசவே கூடாது என்பதைப் பாடம் தொடுவதில்லை. பிஜிபியில் கஷ்டமெல்லாம் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

இது வெறும் பாடத்திட்டக் குறை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்த லேப்பை முடித்த பையனோ பெண்ணோ ஆறு மாதத்தில் ஒரு ஆஸ்பத்திரியின், கல்லூரியின், பங்குத்தரகு அலுவலகத்தின் உண்மையான ரவுட்டர் முன்னால் நள்ளிரவில் உட்கார்த்தி வைக்கப்படுகிறார். ஏதாவது தப்பாகப் போனால், கட்டளையை அடித்தவர் தலைதான் உருளும். பாடம் எழுதியவரை யாரும் கேட்கப் போவதில்லை.

பிஜிபி என்றால் என்ன, இரண்டு பத்தியில்

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக. இணையம் என்பது தனித்தனியாக நிர்வகிக்கப்படும் பல்லாயிரம் நெட்வொர்க்குகளின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஏஎஸ் எண் என்று ஓர் அடையாள எண் உண்டு. ஒவ்வொன்றும் தன் பக்கத்து நெட்வொர்க்கிடம், "இந்த முகவரிகளுக்குப் போகணும்னா என்கிட்ட கொடு, நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்று சொல்கிறது. கேட்டவர் அதன்மேல் தன் எண்ணையும் ஒட்டி அடுத்தவரிடம் சொல்கிறார். இப்படிச் சொல்லிச் சொல்லியே உலகத்தின் வழிகாட்டிப் பட்டியல் உருவாகிறது. இன்றைக்கு ஐபிவி4 பட்டியல் மட்டும் ஏறக்குறைய பத்து லட்சம் வரிகள். ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் கொடுத்த வாக்கு. அந்த வாக்கு உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு மூல வடிவமைப்பில் கிடையாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1989 ஜனவரியில் ஐஇடிஎஃப் கூட்டம் ஒன்றின் மதிய உணவு வேளையில், சிஸ்கோவின் கிர்க் லோகீடும் ஐபிஎம்மின் யாகோவ் ரெக்டரும் நாப்கின்களில் கிறுக்கிய திட்டம் இது. அதே வருடம் ஜூனில் ஆர்எஃப்சி 1105 ஆக வெளிவந்தது. அன்றைக்கு இணையத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள். இந்தியாவில் அப்போது இருந்தது 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டம்தான். அதில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களில் நம்ம கிண்டிப் பக்கத்து ஐஐடி மெட்ராஸும் ஒன்று. பொதுமக்களுக்கான இணைய சேவையை விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. தெரிந்தவர்களுக்குள் நடந்த பேச்சுக்காகச் செய்த ஏற்பாடு, தெரியாதவர்களின் உலகத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பாடம் எழுதுபவர் மாணவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இது.

லேப்பில் உலகம் இல்லை

லேப்பில் மூன்று ரவுட்டர்களும் நம் கையில்தான். ஐஎஸ்பி ஏவும் நாமே, ஐஎஸ்பி பியும் நாமே. அந்த மேகங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. அதனால் ஒரு பெரிய தப்பு அங்கே கண்ணுக்கே தெரியாது.

கிளாசிக் ஐஓஎஸ் போன்ற பழைய ரவுட்டர் மென்பொருட்களின் இயல்பு வழக்கம் இது: ஃபில்டர் எதுவும் வைக்காவிட்டால், ஒரு வெளிநெய்பரிடமிருந்து கற்ற சிறந்த பாதையை எல்லாம் மற்ற வெளிநெய்பரிடம் சொல்லிவிடும். அதாவது ஏ-விடமிருந்து முழுப் பட்டியலையும் வாங்கிய உங்கள் ரவுட்டர், பி-யிடம் திரும்பி, "உலகம் பூரா என் வழியா போகலாம், வாங்க" என்று அழைக்கும். உங்கள் அலுவலகத்தின் சின்ன லிங்க் வழியாக ஒரு ப்ரொவைடரின் போக்குவரத்து இன்னொரு ப்ரொவைடருக்குப் பாயத் தொடங்கும். ரூட் லீக் வகைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி 7908, 2016-இல், இதைத்தான் முதல் வகையாக வைத்திருக்கிறது.

கற்பனைப் பயம் என்று நினைத்தால் 2019 ஜூன் 24 அன்று நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் டிக்யூஇ என்ற சிறிய ப்ரொவைடர், போக்குவரத்தைப் பிரித்து அனுப்புவதற்காக ஒரு 'ஆப்டிமைசர்' மென்பொருளை வைத்திருந்தது. அது பெரிய ப்ரீஃபிக்ஸ்களைச் சின்னச் சின்னதாக உடைத்து உள்ளுக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டியது. அந்த உடைந்த ரூட்டுகள் அதன் வாடிக்கையாளரான அலகேனி டெக்னாலஜீஸ் என்ற உலோக நிறுவனத்துக்குப் போயின. அந்த நிறுவனத்துக்கு வெரைசனிடமும் ஓர் இணைப்பு இருந்தது. ஒரு பக்கம் வாங்கியதை அது மறுபக்கம் கொடுத்தது. வெரைசன் அதை நம்பி உலகத்துக்கே சொன்னது. நம்ம நேரத்துக்கு மாலை நான்கு மணிவாக்கில் தொடங்கிய கூத்தில், மோசமான கட்டத்தில் தங்கள் உலகளாவிய போக்குவரத்தில் சுமார் 15 சதவீதம் காணாமல் போனதாக க்ளவுட்ஃப்ளேர் எழுதியது. இரும்பு உருக்குகிற ஒரு கம்பெனி வழியாக இணையத்தின் ஒரு பகுதி போக முயன்ற மாலை அது.

படத்தில் பார்த்தால் அந்த உலோக நிறுவனம் யார்? நடுவில் ஒரு ரவுட்டர், மேலே இரண்டு மேகங்கள். நம் லேப் கையேட்டின் அதே படம்தான். அதில் விட்டுப்போன பத்து வரி ஃபில்டர்தான் இங்கேயும் விட்டுப்போயிருந்தது.

நியாயமாகச் சொன்னால், குற்றத்தில் பெரிய பங்கு வெரைசனுடையது. வாடிக்கையாளர் எந்த ப்ரீஃபிக்ஸ்களைச் சொல்லலாம் என்ற பட்டியலும், எத்தனை வரை சொல்லலாம் என்ற உச்சவரம்பும் அவர்கள் பக்கம் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். "ப்ரொவைடர் ஃபில்டர் வெச்சிருப்பாங்க சார்" என்று வகுப்பில் சொல்லும் சமாதானம் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் இதுவே சான்று.

ப்ரொவைடர்களும் சறுக்குவார்கள் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். 2015 நவம்பர் 6 அன்று பார்தி ஏர்டெல்லின் ஏஎஸ் 9498, பிறருடைய ப்ரீஃபிக்ஸ்களைத் தன்னுடையவை என்று அறிவித்தது. பிஜிபிமான் எண்ணிக்கையில் அவை 16,123. 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியாவின் ஏஎஸ் 55410, சுமார் பத்து நிமிடத்துக்கு, 30,000-க்கும் மேற்பட்ட ப்ரீஃபிக்ஸ்களுக்கு அப்படியே உரிமை கொண்டாடியது. ஆகவே வெளியே சொல்வதற்கு ஒரு ஃபில்டர் வேண்டும் என்பது போலவே, உள்ளே கேட்பதற்கும் ஒன்று வேண்டும். குறைந்தபட்சம் நம் சொந்த ப்ரீஃபிக்ஸையே வெளியிலிருந்து யாராவது சொன்னால் கேட்கக்கூடாது. தனியார் முகவரிகளைக் கேட்கக்கூடாது. எண்ணிக்கை திடீரென ஏறினால் எச்சரிக்கை வர வேண்டும்.

இந்த இயல்பு வழக்கம் தவறு என்று தரம் எழுதுகிறவர்களே ஒப்புக்கொண்டாகிவிட்டது. 2017 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 8212 சொல்வது எளிமையானது: வெளிநெய்பரோடு வெளிப்படையான கொள்கை எழுதாவிட்டால், எதையும் கேட்காதே, எதையும் சொல்லாதே. சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் அப்படித்தான் நடந்துகொள்கிறது. எஃப்ஆர்ரவுட்டிங் என்ற திறந்தமூல மென்பொருளும் இன்று அப்படியே. அவற்றில் கொள்கை இல்லாமல் செஷன் எழும்பும், ஆனால் ஒரு ரூட்டும் நகராது. பழைய பாடத்தை மனப்பாடம் செய்தவர் இங்கே வந்து, "செஷன் அப், ஆனா ரூட் வரலையே, பக் போல" என்று மன்றாடுவதைப் பார்க்கலாம். மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது. பாடம்தான் இன்னும் 2017-க்கு முன்னால் நிற்கிறது.

போவது நம் முடிவு, வருவது நம் விண்ணப்பம்

அடுத்த குறை கொஞ்சம் நுட்பமானது. பாடங்களில் லோக்கல் ப்ரிஃபரன்ஸ், ஏஎஸ் பாத் ப்ரிபெண்ட் இரண்டையும் அடுத்தடுத்த ஸ்லைடில் ஒரே மாதிரி இரண்டு திருகாணிகள் போலக் காட்டுவார்கள். முதலாவது வெளியே போவதைத் திருப்பும், இரண்டாவது உள்ளே வருவதைத் திருப்பும் என்று. லேப்பில் இரண்டும் அழகாக வேலையும் செய்யும்.

நிஜத்தில் இரண்டுக்கும் அதிகார வித்தியாசம் உண்டு. வெளியே எந்த லிங்க்கில் போவது என்பது உங்கள் முடிவு. உள்ளே எதில் வருவது என்பது மற்றவர்களின் முடிவு. ப்ரிபெண்ட் என்பது நம் எண்ணையே இரண்டு மூன்று தடவை ஒட்டி, "இந்த வழி கொஞ்சம் சுத்து, வேற வழி பாருங்க" என்று கேட்டுக்கொள்வது. பல ப்ரொவைடர்கள் தங்கள் வாடிக்கையாளரிடமிருந்து நேராக வரும் ரூட்டுக்கு உயர்ந்த லோக்கல் ப்ரிஃபரன்ஸ் வைத்திருப்பார்கள். காசு கொடுக்கும் வாடிக்கையாளரின் பாதைக்கு முன்னுரிமை என்பது அவர்கள் தொழில். ரவுட்டர் தேர்வு செய்யும் வரிசையில் லோக்கல் ப்ரிஃபரன்ஸ் முதலில், பாதை நீளம் அப்புறம். ஆகவே பி-யின் நெட்வொர்க்குக்குள் இருக்கும் வீட்டு இணைப்புக்காரர்கள் எல்லாரும் நீங்கள் பத்து முறை ப்ரிபெண்ட் செய்தாலும் பி வழியாகவே வருவார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ப்ரொவைடர் வெளியிடும் கம்யூனிட்டி எண்களில் ஒன்றை ரூட்டோடு சேர்த்து அனுப்பினால், அவர்கள் பக்கமே முன்னுரிமையைக் குறைத்துக்கொள்வார்கள். இந்த முறையை விளக்கும் ஆர்எஃப்சி 1998 வெளிவந்தது 1996 ஆகஸ்டில். நான் பார்த்த பாடங்களில் கம்யூனிட்டி தனி அத்தியாயமாக, பரீட்சைக்கு ஒரு கேள்வியாக வருகிறது. "லிங்க் வாங்கும்போதே ப்ரொவைடரிடம் கம்யூனிட்டி பட்டியலைக் கேளுங்கள்" என்ற வரியை ஒன்றில்கூடக் காணவில்லை. விற்பனையாளர் கொடுக்கும் விலைப்பட்டியலில் அது இருக்காது. கேட்டால்தான் உள்ளே ஒரு தொழில்நுட்ப ஆள் தேடி எடுத்துத் தருவார்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று. பல நிறுவனங்களுக்குச் சொந்த முகவரித் தொகுதி கிடையாது. ஏ தன் பெரிய /20 தொகுதியிலிருந்து ஒரு /24-ஐக் கிள்ளிக் கொடுத்திருக்கும். அதை பி வழியாகவும் அறிவிக்க அனுமதிக் கடிதம் வாங்கி, எல்லாம் முறையாகச் செய்கிறீர்கள். இப்போது ஏ தன் /20-ஐ மட்டும் வெளியே சொல்கிறது, பி உங்கள் /24-ஐச் சொல்கிறது. ரவுட்டர்கள் பாதை நீளத்தைப் பார்ப்பதற்கு முன்பே, குறுகலான, துல்லியமான முகவரியைத் தேர்ந்தெடுத்துவிடும். முடிவு: ஏ-வுக்கு வெளியே உள்ள உலகம் கிட்டத்தட்ட முழுவதும் பி வழியாகவே உள்ளே வரும். முதன்மை லிங்க் என்று ஏ-வுக்கு அதிகக் காசு கொடுத்திருப்பீர்கள், அது காற்று வாங்கிக்கொண்டிருக்கும். பி-யின் சின்ன லிங்க் மூச்சுத் திணறும். ப்ரிபெண்ட் இங்கே எதுவும் செய்யாது. ஏ-வையும் அந்த /24-ஐத் தனியாக அறிவிக்கச் சொல்வது ஒன்றே மருந்து. மாணவருக்கு இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லிக்கொடுத்தால், பாதைத் தேர்வின் வரிசையை மந்திரம் போல ஒப்பிக்க வைப்பதைவிட அதிகம் புரியும்.

சொந்த ஏஎஸ் எண்ணும் முகவரியும் வாங்குவது எப்படி என்பதும் பாடங்களில் இல்லை. இந்தியாவில் அதற்கான பதிவகம் இரின், 2003-இல் தொடங்கப்பட்ட நிக்ஸியின் கீழ் இயங்குகிறது. ஐபிவி4 தட்டுப்பாட்டினால் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனால் பல இடங்களில் கேட்கும் குறைந்தபட்ச அளவு /24, அதாவது 256 முகவரிகள். அந்த அளவுக்கு இடம் இருந்தாலே இரண்டு ப்ரொவைடர் வைத்துப் பிழைக்கலாம்.

மேகத்துக்குக் கீழே ஒரு கம்பம்

மூன்றாவது புகார், படத்தின் மேல். இரண்டு மேகங்களையும் ரவுட்டரையும் இணைக்கும் கோடுகள் படத்தில் நன்றாக விலகியிருக்கும். பாண்டி பஜாரில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபர் கொத்தில் எது யாருடையது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். தி.நகரில் ஓர் அலுவலகத்தில் நான் பார்த்தது: இரண்டு பெரிய ப்ரொவைடர்கள், இரண்டு பில்கள், இரண்டு ஏஎஸ் எண்கள். தெருமுனையிலிருந்து கட்டடம் வரை இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் சுற்றி, ஒரே குழாய்க்குள் நுழைந்து, ஒரே தண்டில் மாடி ஏறின. ஒரு லாரி உரசினால் போதும்.

இதை பிஜிபி சொல்லாது. ஏஎஸ் பாதை யார் யார் வழியாக என்று சொல்லும், எந்தத் தெரு வழியாக என்று சொல்லாது. மெட்ரோவின் மாதவரம்–சிப்காட் வழித்தடமும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடமும் மயிலாப்பூரில் சந்திக்கின்றன. முதலாவது அடையாறு வழியாகவும் மற்றது பனகல் பார்க் வழியாகவும் போகின்றன. மழைநீர் வடிகால் வேலை வேறு. மண் தோண்டப்படும் ஊரில், "ரெண்டு லைனும் எந்தப் பக்கமா வருது?" என்று ப்ரொவைடர்களிடம் வரைபடம் கேட்பது பிஜிபி அமைப்பின் ஒரு பகுதிதான்.

தெருவுக்கு அப்பால் கடலும் உண்டு. சென்னை ஒரு கேபிள் கரை. சிங்கப்பூருக்குப் போகும் ஐ2ஐ 2002-இலும், டாடா இண்டிகாம் கேபிள் 2004-இலும் இங்கே வந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது தன் கடலடிக் கேபிள் ஒன்று பழுதானதாக ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பியது. அப்படிப்பட்ட நாளில் ஒரு நிறுவன ரவுட்டருக்கு என்ன தெரியும் என்று யோசியுங்கள். ஊருக்குள் இருக்கும் ப்ரொவைடரின் ரவுட்டரோடு செஷன் உயிரோடு இருக்கும். அதிலிருந்து டிஃபால்ட் ரூட் மட்டும் வாங்கியிருந்தால், அதுவும் வந்துகொண்டே இருக்கும். ப்ரொவைடருக்குப் பின்னால் பாதி உலகம் நெரிசலில் நிற்பது நம் ரவுட்டருக்குத் தெரியாது. மற்ற லிங்க் சும்மா இருக்க, போக்குவரத்தை எல்லாம் நெரிசலுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். முழுப் பட்டியலோ, குறைந்தது ப்ரொவைடரின் சொந்த ரூட்டுகளோடு டிஃபால்ட்டோ வாங்கினால் பாதைகள் அற்றுப்போவதாவது தெரியும். நெரிசலுக்கு அதுவும் போதாது, தனியாக அளந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பாடம் எங்கே?

பாடத்தில் லிங்க் அறுந்தால் என்ன ஆகும் என்று சோதிப்பதும் வேடிக்கைதான். இன்டர்ஃபேஸை 'ஷட்டவுன்' செய்வார்கள். உடனே மற்ற பாதை வந்துவிடும், கைதட்டல். நம்ம ஊர்க் கட்டடங்களில் ஃபைபர் கீழ்த்தளத்தில் ஒரு மீடியா கன்வெர்ட்டரில் முடிந்து, அங்கிருந்து செப்புக் கம்பி மாடிக்கு வரும். தெருவில் ஃபைபர் அறுந்தாலும், பல கன்வெர்ட்டர்களில் மாடியில் உள்ள போர்ட் பச்சை விளக்கோடு சிரித்துக்கொண்டே இருக்கும். மறுபக்கத்திலிருந்து பேச்சு வரவில்லை என்பதை பிஜிபி ஹோல்ட் டைமர் தீர்ந்தால்தான் உணரும். ஆர்எஃப்சி 4271 பரிந்துரைப்பது 90 நொடி, சிஸ்கோவின் இயல்பு மதிப்பு 180 நொடி. மூன்று நிமிடம் எல்லாம் இருண்டிருக்கும், 'இரண்டு லைன் இருக்கே' என்று முதலாளி கத்திக்கொண்டிருப்பார். 2010-இல் தரமான பிஎஃப்டி இதை ஒரு நொடிக்குள் கண்டுபிடிக்கும். ஆனால் ப்ரொவைடரும் தன் பக்கம் அதைப் போட்டால்தான். மறுபடியும், கேட்க வேண்டும்.

பாடங்களில் நல்லதும் உண்டு

ஒரேயடியாகக் குறை சொன்னால் அது விமர்சனம் ஆகாது. செஷன் எழும்பும் படிநிலைகளை இந்தப் பாடங்கள் பொறுமையாக, நன்றாகவே சொல்லித்தருகின்றன. 'ஆக்டிவ்' என்ற நிலை பெயரில் சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் இன்னும் இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்பதை எத்தனையோ பேர் இவற்றின் மூலமே புரிந்துகொண்டிருக்கிறார்கள். டிசிபி 179 போர்ட்டைத் தடுத்துவைத்துவிட்டு ரவுட்டரைத் திட்டுவது குறைந்திருக்கிறது. தமிழில் விளக்கும் காணொளிகள் ஆங்கிலம் தடையாக இருந்தவர்களுக்கு வேலை வாங்கிக்கொடுத்திருக்கின்றன. அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் அவற்றின் இலக்கு நேர்காணல். நேர்காணலில் கேட்பது 'பாதை எப்படித் தேர்வாகிறது'. வேலையில் கேட்கப்படுவது, 'நாம் வெளியே என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம்'.

இன்னொன்றையும் பாடம் கேட்பதில்லை: உங்களுக்கு பிஜிபி தேவையா? உள்ளிருந்து வெளியே போய் மின்னஞ்சலும் கணக்கு மென்பொருளும் பயன்படுத்தும் மயிலாப்பூர் அலுவலகத்துக்கு இரண்டு சாதா லைனும், ஒன்று போனால் மற்றதற்கு மாறும் ஒரு ஃபயர்வாலும் போதும். வெளியிலிருந்து மக்கள் உங்களைத் தேடி வருகிறார்கள் என்றால்தான், அதாவது நோயாளிகள் பரிசோதனை முடிவைப் பார்க்க, மாணவர்கள் தேர்வு முடிவைப் பார்க்க உங்கள் சொந்த சர்வருக்கு வருகிறார்கள் என்றால்தான், லிங்க் மாறினாலும் முகவரி மாறாமல் இருக்க பிஜிபி வேண்டும். தேவையில்லாத இடத்தில் பிஜிபி போடுவது, ஸ்கூட்டர் போதுமான இடத்தில் லாரி லைசன்ஸ் எடுத்த மாதிரி. ஓட்டத் தெரியாமல் சாலைக்கு வந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்து.

எப்படி எழுதலாம்

நான் ஒரு பாடம் எழுதுவதானால் ரவுட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதச் சொல்வேன். நான் ஏ-விடமும் பி-யிடமும் சொல்லப்போகும் ப்ரீஃபிக்ஸ்கள் இவை, இவை மட்டும். அவர்களிடமிருந்து கேட்கப்போவது இது. சாதாரண நாளில் போக்குவரத்து இப்படிப் போகும், இப்படி வரும். ஒன்று அறுந்தால் இப்படி. இந்த நான்கு வரியும் ப்ரொவைடருக்கு மின்னஞ்சலில் போக வேண்டும்.

அதற்கப்புறம் ஃபில்டர், அதற்கப்புறம்தான் நெய்பர். வரிசை முக்கியம். செஷனை எழுப்பிவிட்டு 'அப்புறம் ஃபில்டர் போடலாம்' என்றால், அந்த அப்புறத்துக்குள் லீக் நடந்து முடிந்துவிடும்.

மூன்றாவதாக, ஆர்பிகேஐ. நம் ப்ரீஃபிக்ஸை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று கையொப்பமிட்ட சான்றைப் பதிவகத்தின் வழியாக உருவாக்கிக்கொள்வது. அதில் 'அதிகபட்ச நீளம்' என்ற பெட்டியைத் தாராளமாக நிரப்பக் கூடாது. நீங்கள் அறிவிக்காத நீளத்துக்கு அனுமதி கொடுத்தால், உங்கள் எண்ணை ஒட்டிக்கொண்டு வேறொருவர் அந்தச் சின்னத் துண்டை அறிவிக்க முடியும். 2022-இன் ஆர்எஃப்சி 9319 இதைத்தான் எச்சரிக்கிறது. இந்தச் சான்று ப்ரீஃபிக்ஸை முதலில் அறிவிக்கும் ஏஎஸ் அனுமதி பெற்றதா என்பதைத்தான் சரிபார்க்க உதவும், நடுவில் உள்ள பாதையை அல்ல. உடைக்காத ப்ரீஃபிக்ஸ் தவறான பாதையில் கசிந்தால் இது பிடிக்காது. அதற்கு ஃபில்டர்தான், அதோடு 2022-இலேயே வந்த ஆர்எஃப்சி 9234: 'நான் வாடிக்கையாளர், நீ ப்ரொவைடர்' என்று செஷனிலேயே உறவைச் சொல்லி, கசிவை ரவுட்டரே தடுக்கும் முறை. உங்கள் ரவுட்டரும் ப்ரொவைடரும் ஆதரித்தால் போடுங்கள்.

கடைசியாக, சோதனை. 'ஷட்டவுன்' வேண்டாம். கீழ்த்தளத்துக்குப் போய், கன்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம் உள்ள ஃபைபரை உருவிவிட்டு நேரம் பாருங்கள். பிறகு உங்கள் திரையை மூடிவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ், ரைப்பின் ஆர்ஐஎஸ் போன்ற பொதுக் காட்சியகங்கள் உலகம் உங்களைப் பற்றி என்ன கேட்டிருக்கிறது என்று காட்டும். உங்கள் ஏஎஸ் எண்ணுக்குப் பின்னால் உங்களுடையது அல்லாத ஒரு ப்ரீஃபிக்ஸ் தெரிந்தால், எஸ்டாப்ளிஷ்டு என்று திரை எவ்வளவு பெருமையாகச் சொன்னாலும் வேலை முடியவில்லை.

நேர்காணல் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஆக்டிவ் என்றால் என்ன' என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே இதையும் கேளுங்கள்: "நீங்க கடைசியா அமைச்ச ரவுட்டர் வெளியே என்னென்ன அறிவிக்குது?" ரவுட்டரைப் பார்க்காமல் ஒரே வரியில் பதில் வந்தால், அவரைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.